குலசேகரப்பட்டினம் ஏவுதளமும் வானியற்பியல் கலங்களும்

தூத்துக்குடி மாவட்டத்தில் திருச்செந்தூருக்குத் தெற்கே, மன்னார் வளைகுடாக் கரையில் அமைந்துள்ள ஊர் குலசேகரப்பட்டினம். முத்துக்குளித்துறை எனப் பெயர் பெற்ற கடற்கரையின் பழைய துறைமுகங்களுள் ஒன்று. இன்று முத்தாரம்மன் கோயில் தசரா விழாவால் அறியப்படுகிறது. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் (இஸ்ரோ) புதிய ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று இங்கு அடிக்கல் நாட்டப்பட்டது. இங்கிருந்து விண்மீன்களையும் விண்மீன் பேரடைகளையும் ஆராயும் கலங்களை அனுப்ப முடியுமா?

இவ்விடம் தேர்ந்தெடுக்கப்பட முக்கியக் காரணம் இலங்கை. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குச் செல்லும் ஏவூர்தி நேராகத் தெற்கே பறந்தால் இலங்கையைக் கடக்க நேரிடும். ஆகவே அது முதலில் தென்கிழக்காகச் சென்று, பின்னர் தெற்கே திரும்புகிறது. இத்திருப்பத்தில் எரிபொருள் வீணாவதால், சுமக்கக்கூடிய எடை குறைகிறது. பி.எஸ்.எல்.வி. இவ்விழப்பைத் தாங்கும், 500 கிலோ வரை மட்டுமே தூக்கும் எஸ்.எஸ்.எல்.வி. என்னும் சிறிய ஏவூர்திக்கு அது பெரிய இழப்பு. குலசேகரப்பட்டினத்துக்குத் தெற்கே திறந்த கடல்தான்.

அந்தக் கடல் மீனவர்களின் தொழிற்களமும் ஆகும். ஏவுதல் நடக்கும் வேளையில் ஆபத்துப் பகுதிக்குள் படகுகள் செல்லக் கூடாது. மணப்பாடு, ஆலந்தலை போன்ற ஊர்களில் அது ஒரு நாள் வருமானத்தைப் பாதிக்கும். ஏவுதளத்தின் செலவைக் கணக்கிடும்போது இதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

இந்தியாவின் விண்வெளி வானியல் இக்கரைக்கு வெகுதூரத்தில் தொடங்கவில்லை. கேரளத்தின் தும்பாவிலிருந்து 1960களின் இறுதியில் சிறு ஏவூர்திகள் எக்ஸ்கதிர்க் கருவிகளைச் சில நிமிடங்கள் வளிமண்டலத்துக்கு மேலே கொண்டு சென்றன. 1975இல் சோவியத் நாட்டிலிருந்து ஏவப்பட்ட ஆரியபட்டாவிலும் எக்ஸ்கதிர் வானியல் கருவி இருந்தது. மின்வழங்கல் கோளாறால் அதன் ஆய்வுகள் சில நாட்களிலேயே நின்றன. முழுவதும் வானியலுக்கென்றே ஒரு செயற்கைக்கோள் அமைய அதன்பின் 40 ஆண்டுகள் ஆயின.

அதுதான் 2015 செப்டம்பர் 28 அன்று ஏவப்பட்ட ஆஸ்ட்ரோசாட். 1,515 கிலோ எடை, ஐந்து கருவிகள், ஏறத்தாழ 178 கோடி ரூபாய் செலவு. உலக அளவில் இது மிகச் சிக்கனமானது. அதன் புற ஊதாத் தொலைநோக்கி, 930 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள விண்மீன் பேரடை ஒன்றிலிருந்து வந்த கடும் புற ஊதா ஒளியைப் பதிவு செய்ததாக 2020இல் அறிவிக்கப்பட்டது. அடுத்து, எக்ஸ்கதிர்களின் முனைவாக்கத்தை அளக்கும் எக்ஸ்போசாட் 2024 ஜனவரி 1 அன்று சென்றது.

இவ்விரண்டு கலங்களும் நிலநடுக்கோட்டுக்கு 6 பாகை மட்டுமே சாய்ந்த, சுமார் 650 கி.மீ. உயரப் பாதையில் நிறுத்தப்பட்டன. தென் அட்லாண்டிக் பகுதிக்கு மேலே மின்னூட்டத் துகள்கள் செறிந்த வட்டாரம் ஒன்று உண்டு. அது எக்ஸ்கதிர்க் கருவிகளின் அளவீட்டைக் குழப்பும். நிலநடுக்கோட்டை ஒட்டிச் சுற்றும் கலம் அதன் ஓரத்தை மட்டுமே தொடும். இப்பாதைக்கு ஏவூர்தி கிழக்கு நோக்கிச் செல்ல வேண்டும். குலசேகரப்பட்டினத்துக்குக் கிழக்கே வளைகுடாவைத் தாண்டினால் இலங்கை. ஆக, ஆஸ்ட்ரோசாட் வகைக் கலங்கள் இங்கிருந்து கிளம்பப் போவதில்லை.

ஆனால் எல்லா வானியற்பியல் ஆய்வுகளுக்கும் அந்தப் பாதை தேவையில்லை. வெப்பக் கதிர்களையும் நுண்ணலைகளையும் பதிவு செய்யும் கலங்கள் சூரிய ஒளி தம்மீது எப்போதும் ஒரே பக்கமாக விழும் துருவப் பாதையையே விரும்புகின்றன. அமெரிக்காவின் கோபி கலம் அத்தகையது. விண்ணோடத்தில் செல்லவிருந்த அதனை, 1986 சேலஞ்சர் விபத்துக்குப் பின் எடையை ஏறக்குறைய பாதியாகக் குறைத்து மறுபடி வடிவமைத்தார்கள். 1989இல் கலிபோர்னியாவின் வாண்டன்பர்க்கிலிருந்து டெல்டா ஏவூர்தியில் சென்றது. பெருவெடிப்பின் எச்சக் கதிர்வீச்சை அளந்த அதன் பணிக்காக ஜான் மாதர், ஜார்ஜ் ஸ்மூட் இருவருக்கும் 2006இல் நோபல் பரிசு கிடைத்தது. நாசாவின் நடுத்தரச் செலவுத் திட்டமான ஸ்பியரெக்ஸும் 2025 மார்ச்சில் அதே வாண்டன்பர்க்கிலிருந்து துருவப் பாதைக்கு ஏவப்பட்டது.

வாண்டன்பர்க்கைப் போலவே குலசேகரப்பட்டினத்துக்கும் தெற்கே தடையற்ற கடல் உண்டு. வேறுபாடு ஏவூர்தியின் அளவில்தான். கோபியின் எடை சுமார் 2,270 கிலோ. எஸ்.எஸ்.எல்.வி.யின் 500 கிலோ என்பதும் எளிய பாதைக்கான கணக்கே. துருவப் பாதைக்கு அதைவிடக் குறைவாகவே எடுத்துச் செல்ல முடியும். அந்த எடைக்குள் அடங்கும் தொலைநோக்கியை வடிவமைப்பவர்களுக்கே இக்கரையின் ஏவுதளம் பயன்படும்.