வீட்டிற் பாடமான வேதம்

கல்முனைக் கரையிலே ஒன்றை மனத்திற் பதித்துக்கொள்வதைப் ‘பாடமாக்குதல்’ என்பர். ‘என் பிள்ளைக்கு யாசீன் பாடம்’ என்று மருதமுனையில் ஓர் உம்மா பூரிப்பதும், ‘இருபத்துமூன்றாம் சங்கீதம் பாடம்’ என்று கல்முனை நகரில் ஒரு கிறிஸ்தவத் தாய் பூரிப்பதும், ‘தேவாரம் பாடம்’ என்று காரைதீவில் ஒரு சைவத் தாய் பூரிப்பதும் இந்த ஒரு சொல்லாலேதான். இச்சொல் பள்ளிக்கூடத்துச் சொற்போலத் தோன்றினும், அது வாழ்ந்த இடம் வீடேயாம். விவிலிய வசனங்கள் நம் நாட்டுத் தமிழ்ப் பிள்ளைகளின் நாவில் ஏறிய வரலாற்றை நோக்கினால் இவ்வுண்மை நன்கு விளங்கும்.

ஒல்லாந்தர் காலத்திலே பாடமாக்குதலுக்குக் குறைவே இருந்ததில்லை. கர்த்தரின் செபத்தையும் விசுவாசப் பிரமாணத்தையும் பத்துக் கட்டளைகளையும் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்லவேண்டும். பாடசாலைகளைப் பார்வையிட வருவோர் அவற்றைக் கேட்டுச் சோதிப்பர். ஞானஸ்நானமும் விவாகமும் பாடசாலைத் தோம்பிலே பதியப்பட்டன. தோம்பிற் பெயரில்லாதவன் விவாகத்துக்கும் முதுசத்துக்கும் இடர்ப்படுவான். ஆகவே மக்கள் பாடமாக்கினார்கள், ஒப்புவித்தார்கள், பெயரைப் பதிந்துகொண்டார்கள். 1796இல் ஆங்கிலேயர் வந்தனர்; கட்டாயம் தளர்ந்தது. தோம்பிலே கிறிஸ்தவராய் இருந்தோரிற் பெருந்தொகையினர் சில ஆண்டுகளுக்குள் தத்தம் பழைய வழிபாடுகளுக்கே திரும்பினர். ஒன்றரை நூற்றாண்டு ஒப்புவித்த வாசகம் எங்கே போயிற்று? அது பார்வையிட வந்தவருக்காகப் பாடமாக்கப்பட்டது. அவர் போனதும் அதுவும் போயிற்று. இஃது என் கருத்து. வேறு காரணங்களும் உண்டு. ஆயினும் ஆசிரியத் தொழிலில் இருப்போருக்கு இக்காரணம் எளிதிற் புலப்படும்.

1814இல் மெதடிஸ்த மிஷனைச் சேர்ந்த வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்தார். ஓராண்டு நிறையுமுன்னே, 1815இல், அங்கேயே காலமானார். அக்குறுகிய காலத்துக்குள் தமிழைக் கற்கத் தொடங்கி, பாடசாலைகளையும் நிறுவிச் சென்றார். அவர் இட்ட வித்து தெற்கே கல்முனை வரையும் பரவியது. காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் இளமையிலே ஆங்கிலம் கற்றது கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலேதான்.

இங்கே ஓர் இடர்ப்பாட்டைக் கூறவேண்டும். தமிழ்ப்பிள்ளை தொன்றுதொட்டுப் பாடமாக்கியது செய்யுளை. எதுகையும் மோனையும் அடுத்த அடியைத் தாமே இழுத்துக்கொண்டு வரும். அந்தாதியாயின் ஒரு பாட்டின் ஈறே மறுபாட்டின் தொடக்கம். விவிலியமோ உரைநடை. பற்றிக்கொள்ளக் கொழுகொம்பில்லை. அதற்கு வீடு கண்ட உபாயம் எளியது. தாய் வசனத்தை மூச்சு நிற்கும் இடத்திற் பிளப்பாள். முற்பாதியைத் தான் கூறி நிறுத்துவாள். பிற்பாதியைப் பிள்ளை கூறும். மறுநாள் முறை மாறும். மாலைச் செபத்துக்கு விளக்கேற்றிய பின் இது நிகழும். எழுத்தறியாத தாயும் இதைச் செய்யலாம். பள்ளியிற் படித்த மூத்த பிள்ளை ஒருமுறை வாசித்தால் அவளுக்குப் போதும்.

அங்ஙனம் நாவில் ஏறிய சொல்லுக்கு எத்துணை வலிமை உண்டென்பதை மொழிபெயர்ப்பாளர் பின்னர் அறிந்தனர். தரங்கம்பாடியிலே சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் அச்சேறி முடிந்தது. அவர் கடவுளைச் ‘சருவேசுரன்’ என்றார். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பப்ரீசியுஸ் ‘பராபரன்’ என்றார். யாழ்ப்பாணத்திலே பேர்சிவல் பாதிரியாரும், அவருக்குத் துணைநின்ற ஆறுமுக நாவலரும் உழைத்து உருவாக்கிய மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தது. நாவலரின் கைபட்ட தமிழுக்கு இலக்கணக் குறை யார் கூறுவர்? ஆயினும் அது நிலைக்கவில்லை. பவர் ஐயர் தலைமையிலே தமிழகத்தாரும் யாழ்ப்பாணத்தாரும் கூடித் திருத்திய 1871ஆம் ஆண்டுப் பதிப்பு, ‘தேவன்’ என்ற சொல்லுடன் வீடுகளிற் குடிபுகுந்தது. அப்போதும் லுத்தரன் சபையார் பலர் தாம் பாடமாக்கிய பப்ரீசியுஸ் பதிப்பை விடவில்லை. இருபதாம் நூற்றாண்டிலே மோனகன் முதலியோர் ‘கடவுள்’ என்று திருத்தினர். கத்தோலிக்கரும் ஏனைய சபையாரும் ஒன்றுகூடி ஆக்கிய பொது மொழிபெயர்ப்பு 1995இல் வந்தது. அறிஞர் இவற்றை மெச்சினர். ஆயினும் சீர்திருத்தச் சபையாரின் இல்லங்களிற் பெரும்பாலானவற்றிலே பிள்ளை இன்றும் ஒப்புவிப்பது 1871இன் வாசகத்தையே. பாட்டி சொல்வது ஒன்று, பேரன் சொல்வது மற்றொன்று என்றானால் முற்பாதியும் பிற்பாதியும் பொருந்தமாட்டா அல்லவா? குழுவினர் மேசையில் வென்ற சொற்கள் பல அடுக்களையிலே தோற்றன.

எங்கள் முஸ்லிம் ஊர்களிலே சிக்கல் வேறு வகையானது. திருக்குர்ஆனின் அரபு வாசகம் மாறாதது. ஓர் எழுத்தைத் திருத்துவாருமில்லை. ஆனால் ஓதும் பிள்ளைக்கும் ஓதிக்கொடுக்கும் மூத்தம்மாவுக்கும் அரபு தாய்மொழியன்று. ஓசை நாவிலிருக்கும், பொருள் எங்கே இருக்கும்? இதற்குத் தமிழ் முஸ்லிம்கள் கண்ட வழி அரபுத்தமிழ். அரபியில் இல்லாத ‘ப’, ‘ட’, ‘ள’ போன்ற தமிழொலிகளுக்கு, அரபி எழுத்துக்களிலே புள்ளி முதலிய குறிகளைக் கூட்டிப் புதிய எழுத்துக்களை அமைத்து, தமிழை அவ்வரிவடிவில் எழுதினர். குர்ஆன் ஓதப் பழகிய ஒரு பெண், தமிழ் நெடுங்கணக்கை அறியாதவளாயினும், மார்க்க விளக்கத்தைத் தன் தாய்மொழியிலே வாசிக்கலானாள். காயல்பட்டணத்திற் பிறந்து கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அரபுத்தமிழில் யாத்த நூல்கள் கடல் கடந்து இங்கும் வழங்கின. பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப்படாத பெண்ணை வீட்டு ஆசிரியை ஆக்கிய எழுத்து அது. நம் கல்வி வரலாறுகளிலே அதற்கு ஒரு பக்கங்கூட ஒதுக்கப்படாதது பெருங்குறை.

பெண்கள் பாடசாலைக்குச் சென்று தமிழெழுத்தைக் கற்றபின் அரபுத்தமிழின் தேவை சுருங்கியது. அதனைத் தடையின்றி வாசிப்போர் இன்று மிகச் சிலரே.

1960ஆம், 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் மிஷன் பாடசாலைகளிற் பெரும்பாலானவை அரசின் கைக்கு வந்தன. அவரவர் பிள்ளைக்கு அவரவர் சமயம் என்ற ஏற்பாடு நியாயமானதே. நானும் அரச பாடசாலை ஒன்றின் அதிபராய் அதனை நடத்துகின்றேன். ஆனால் சமயம் பரீட்சைக்குரிய பாடங்களுள் ஒன்றாயிற்று. சாதாரண தரப் பரீட்சைக்கு முந்திய வாரங்களிலே இஸ்லாம் கற்கும் மாணவனும் கிறிஸ்தவம் கற்கும் மாணவனும் வகுப்பறை மூலைகளில் நின்று வாய் முணுமுணுக்கப் பாடமாக்குவதைக் காண்கின்றேன். பரீட்சை முடிந்த மறு மாதம் கேட்டால் பலருக்குப் பாதியும் நினைவில்லை. அவ்வேளைகளில் எனக்கு ஒல்லாந்தரின் தோம்பு நினைவுக்கு வருவதுண்டு.

மறவாதவரும் உளர். அவர்களை விசாரித்தால், ‘சின்ன வயதில் உம்மா ஓதித் தந்தது’, ‘அம்மம்மா சொல்லித் தந்த வசனம்’ என்றே பெரும்பாலும் விடை வருகின்றது. இக்காலத்து வீடுகளிலே கைப்பேசி இனிய குரலில் ஓதுகின்றது, வசனமும் வாசிக்கின்றது, உச்சரிப்பும் பிழையற்றது. ஆயினும் அது முற்பாதியைக் கூறிவிட்டுப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக் காத்திருப்பதில்லை. பெற்றோர் கூட்டங்களிலே தாய்மாரிடம் நான் கேட்பது ஒன்றேயொன்று: இராச் சாப்பாட்டுக்கு முன் பத்து நிமிடம், ஒருநாளைக்கு ஒரு வசனம் அல்லது ஓர் ஆயத்து, முற்பாதி நீங்கள், பிற்பாதி பிள்ளை, பின்பு அதன் பொருளைப் பிள்ளையின் வாயாலேயே தமிழிற் சொல்லக் கேளுங்கள். ‘எனக்கே மறந்துபோயிற்றே’ என்று சில தாய்மார் நாணுவர். பிள்ளையோடு சேர்ந்து அவர்களும் பாடமாக்கட்டும்.