கல்லீரல் மாற்று சிகிச்சையில் இரத்தநாள இணைப்பு

பொருத்தப்பட்ட கல்லீரலுக்குள் இரத்தம் தடையின்றி வந்து தேங்காமல் வெளியேறுவதற்காக உருவான அறுவை நுட்பங்கள். கல்லீரலுக்குள் இரத்தம் வாயிற்சிரை, கல்லீரல் தமனி ஆகிய இரண்டின் வழியே வருகிறது. கீழ்ப்பெருஞ்சிரை வழியே இதயத்துக்குத் திரும்புகிறது. தமனி மெல்லியதுதான். ஆனால் புதிய கல்லீரலின் பித்தநாளங்கள் அதை நம்பியே உயிர்வாழ்கின்றன. அதில் இரத்தம் உறைந்தால் அவை அழுகத் தொடங்கும்.

1894இல் லியோன் நகரில் கத்திக்குத்துக்கு ஆளான பிரெஞ்சு அதிபர் சாடி கார்னோ, வாயிற்சிரை கிழிந்து இறந்தார். தைக்க வழி தெரியாத காலம். அந்நகரின் இளம் மருத்துவர் அலெக்சிஸ் காரெல், பூத்தையல் கலைஞர் ஒருவரிடம் நுண்ணூசி பழகினார். நாளத்தின் வாயை மூன்று தையல்களால் முக்கோணமாக இழுத்துப்பிடித்துத் தைக்கும் அவரது முறை 1902இல் வெளியானது. 1912இல் நோபல் பரிசு கிடைத்தது.

1963 மார்ச்சில் டென்வரில் அறுவை மருத்துவர் தாமஸ் ஸ்டார்சல் மனிதருக்குச் செய்த முதல் கல்லீரல் மாற்று சிகிச்சையில், குழந்தை இரத்தப்போக்கால் இறந்தது. அடுத்த நோயாளிகளுக்கு இரத்தம் உறைய மருந்து தரப்பட்டது. அதனால் உருவான உறைகட்டிகள் நுரையீரலை அடைத்தன. ஒன்றைத் தடுக்கப்போய் மற்றொன்றில் மாட்டிய கதை. 1967இல்தான் வெற்றி வந்தது. பெருஞ்சிரையை வெட்டாமல் அதன்மேல் புதிய கல்லீரலை உப்புமூட்டை போல ஏற்றும் முறையை மருத்துவர் ராய் கால்ன் 1968இல் விவரித்தார்; 1989க்குப் பிறகே அது பரவியது.

இவற்றுள் மிக எளியதும், என் கணிப்பில் மிக நுட்பமானதும் 1984இல் ஸ்டார்சல் குழு எழுதிய முடிச்சு. தொடர்தையலை இறுக்கிக் கட்டினால் நாளம் சுருக்குப்பை வாய்போல் குறுகும். எனவே நாளச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி, நூலைத் தளர்த்தி முடிச்சிட்டார்கள். கவ்விகளை எடுத்ததும் நாளம் விரியும். மிச்ச நூல் வழுக்கும் தன்மையால் தையலுக்குள் இழுபட்டு, வாய் அகலமாகவே நிற்கும்.

உயிருள்ள கொடையாளரின் கல்லீரல் துண்டைப் பொருத்தும்போது தமனியின் விட்டம் சில மில்லிமீட்டரே இருக்கும். கியோட்டோ மருத்துவர்கள் 1990களின் தொடக்கத்தில் நுண்ணோக்கியின் கீழ் தைக்கத் தொடங்கிய பிறகு, தமனி அடைப்பு வெகுவாகக் குறைந்தது. வலது மடலைக் கொடுக்கையில் வேறு சிக்கல்: அதன் முன்பகுதி இரத்தம் கல்லீரலின் நடுச்சிரை வழியே வடிய வேண்டும்; மடலை மட்டும் எடுத்தால் அச்சிரை உடன் வராது. ஹாங்காங்கில் நடுச்சிரையையும் சேர்த்தே எடுத்தார்கள். சியோலில் கிளைச்சிரைகளோடு வேறு நாளத்துண்டை ஒட்டினார்கள். பொருத்தும் கல்லீரல் துண்டு மிகச் சிறியதானால், வாயிற்சிரையின் முழு வெள்ளத்தையும் அது தாங்காது. அப்போது மண்ணீரல் தமனியைக் கட்டி, வாயிற்சிரைக்கு வரும் இரத்தத்தைக் குறைக்கிறார்கள்.