கட்டுமரத்துக்குக் கொக்கி கிடையாது

கோவளம் கடற்கரையில் டிராக்டர் ஃபைபர் படகை மணலில் இழுக்கும்போதெல்லாம் என் கண் அதன் கொக்கி மேலேயே இருக்கும். காரணம் உண்டு.

அந்தக் காலத்தில் கட்டுமரம் கரையேறியதும் கயிற்றை அவிழ்த்து, கட்டைகளைத் தோளில் சுமந்துபோய்க் காயப்போடுவார்கள். இழுக்க வண்டி வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் படகுகள் நிறைய வந்தன. அவற்றை அவிழ்த்துச் சுமக்க முடியுமா? எஞ்சினோடு கனம் வேறு.

அப்போதுதான் பக்கத்து வீட்டுத் தம்பி தன் பழைய பிக்கப் வண்டிக்கு வீட்டு வாசலிலேயே கொக்கி வைத்தார். பின் பம்பரில் வெல்டிங். இரும்பைப் பிடித்துக்கொண்டவன் நான். முதல் இழுப்பிலேயே பம்பர் பிய்ந்து, கயிற்றோடு படகுப் பக்கம் பறந்தது. அங்கே நின்ற அவர் மகனுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. இழுவையைத் தாங்குவது சேசிஸ், பம்பர் அல்ல என்பது எங்கள் இருவருக்கும் அன்றுதான் உறைத்தது.

டிராக்டருக்கும் இந்தப் பாடம் சும்மா வரவில்லை. பின் அச்சுக்கு மேலே கட்டி இழுத்தால் முன்சக்கரம் தூக்கும். பழைய டிராக்டர்களில் கலப்பை பாறையில் மாட்டினால் வண்டியே பின்னால் கவிழ்ந்து ஓட்டுநரை நசுக்கும். அதற்கு வழி கண்ட ஹாரி பெர்குசன் 1926இல் மும்முனை இணைப்புக்குக் காப்புரிமை பெற்றார். அவர் பெயர் தாங்கிய மாஸி பெர்குசன் டிராக்டர்தான் 1960இல் தொடங்கிய டாஃபே வழியாக நம் சென்னைக்கு வந்தது.

அந்தப் பையன் இன்று டிராக்டர் ஓட்டுகிறான். கயிறு மாட்டுமுன் குனிந்து கொக்கியைப் பார்க்கிறான். பிறகு எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்கிறான், என்னையும்தான்.