மரத்துல மாட்டுற மூணாவது கண்: அமெரிக்கக் காடுகளில் 'பெரிய' ஆண் மானைத் தேடும் டிரெயில் கேமரா!

யூடியூப்ல ஸ்க்ரோல் பண்ணும்போது அமெரிக்க வேட்டை சேனல் ஏதாவது ஒண்ணு உங்க ஃபீடுல எட்டிப் பார்த்திருக்கும். இலைதழை டிசைன்ல சட்டை, கையில் வில், மரத்து மேல ஒருத்தர் மணிக்கணக்கா அசையாம உட்கார்ந்திருப்பார். திடீர்னு கீழே பெரிய கொம்போட ஒரு மான் வந்து நிற்கும். 'லக்கு பாஸ்'னு நினைச்சிட்டு அடுத்த வீடியோவுக்குப் போயிருப்போம்.

அந்த மரத்தைத் தேர்ந்தெடுக்க அவருக்குப் பல மாதங்கள் ஆகியிருக்கும். அதில் முக்காவாசி வேலையைச் செய்தது உள்ளங்கை சைஸ் பெட்டி ஒன்று. அதுதான் டிரெயில் கேமரா. யாருக்கும் சொந்தமில்லாத, எல்லோருக்கும் சொந்தமான அரசுக் காட்டில் வயசான ஒரு ஆண் மானை அது எப்படிக் கண்டுபிடிக்கிறது? பார்ப்போம்.

ஆரம்பிக்கும் முன்னாடி ஒரு விஷயம். இந்தியாவில் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். ஜெயிலுக்கும் போக நேரலாம். இங்கே சொல்லப்போவது அமெரிக்காவில் லைசென்ஸ், சீசன், எண்ணிக்கைக் கட்டுப்பாடு எல்லாத்தோடும் நடக்கும் விஷயம்.

எவ்வளவு பெரிய காடு?

அமெரிக்க வனச்சேவை நிர்வகிக்கும் தேசியக் காடுகளின் பரப்பு சுமார் 19.3 கோடி ஏக்கர். நம்ம தமிழ்நாட்டைப் போல ஆறு மடங்கு! விஸ்கான்சின், மிசௌரி, ஒஹாயோ, பென்சில்வேனியானு பல மாநிலங்களில் இந்தக் காடுகள் இருக்கு. சொந்த நிலம் இல்லாதவங்களும் மாநில லைசென்ஸ் வாங்கிட்டு இங்கே வேட்டைக்குப் போகலாம்.

அங்கே அதிகம் தேடப்படுவது வெள்ளைவால் மான். ஓடும்போது வாலைத் தூக்கும். அடிப்பக்கம் பளிச்னு வெள்ளையா தெரியும். 1900 வாக்கில் கட்டுப்பாடில்லாத வேட்டையால் சில லட்சங்களாகச் சுருங்கிய இனம் இது. சட்டங்கள் வந்தபிறகு மீண்டு, இன்னைக்குச் சுமார் மூணு கோடியைத் தொட்டிருக்கு.

மூணு கோடி இருந்தா ஈஸியா கிடைக்குமேனு தோணும். பெண் மானும் குட்டியும் கிடைக்கும். 'மெச்சூர் பக்' எனப்படும் முதிர்ந்த ஆண் மான் கிடைக்காது. வேட்டைக்காரர்கள் நிறைய வரும் காடுகளில் ஆண் மான்கள் பல ஒன்றரை, இரண்டரை வயசிலேயே சுடப்பட்டுவிடும். நாலைந்து வயசு தாண்டியது என்றால் அது பல சீசன்களில் மனுஷங்க கண்ணில் மண்ணைத் தூவிய ஆள்னு அர்த்தம். பகலில் புதருக்குள் படுத்திருக்கும். இருட்டிய பிறகுதான் வெளியே தலைகாட்டும். காற்றில் மனுஷ வாசனை வந்தாலே ரூட்டை மாத்திடும்.

பெட்டிக்குள் என்ன இருக்கு?

டிரெயில் கேமராவின் உயிர் அதன் பி.ஐ.ஆர் சென்சார். வெப்பம் உள்ள ஒரு உடம்பு அதன் முன்னால் நகர்ந்தால், சுற்றுப்புறத்துக்கும் அந்த உடம்புக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தை உணர்ந்து கேமராவை எழுப்பும். நல்ல மாடல்கள் அரை விநாடிக்குள் படம் எடுத்துவிடும். இரவில் இன்ஃப்ராரெட் ஃபிளாஷ் எரியும். 850 நானோமீட்டர் வகையில் மங்கலான சிவப்பு ஒளி தெரியும். படம் பளிச்னு வரும். 940 வகையில் வெளிச்சமே தெரியாது. படம் கொஞ்சம் டல்லாக இருக்கும். அரசுக் காட்டில் பலரும் 940-ஐத்தான் விரும்புவாங்க. மானைவிடத் திருடன் கண்ணில் படாமல் இருப்பதுதான் அங்கே பெரிய கவலை.

மெமரி கார்டில் சேமிக்கும் கேமராவில், படம் பார்க்க நீங்களே காட்டுக்குள் போகணும். செல்லுலார் கேமராவில் சிம் இருக்கும். படம் நேரா உங்க போனுக்கே வந்துடும். ஆனா மாதாமாதம் சந்தா கட்டணும், காட்டில் சிக்னலும் இருக்கணும்.

முதல் வேட்டை மேப்பில்!

கேமராவைத் தூக்கிட்டு நேரா காட்டுக்குள் ஓடுவது வீண் வேலை. சாட்டிலைட் படத்தையும் உயரக் கோடுகள் உள்ள வரைபடத்தையும் போனில் திறந்து வெச்சுத்தான் தேடலைத் தொடங்கணும்.

முதலில் கார் நிறுத்தும் இடங்களையும் நடைபாதைகளையும் குறிச்சுக்கணும். பெரும்பாலான வேட்டைக்காரர்கள் அங்கிருந்து ரொம்ப தூரம் நடப்பதில்லை. அவங்க போகாத மூலைகள்தான் முதிர்ந்த மானின் வீடு. அது ரொம்ப உள்ளே இருக்கணும்னு அவசியம் இல்லை. செங்குத்தான சரிவு, சதுப்பு, ஒரு ஓடையைத் தாண்டணும் என்கிற சோம்பேறித்தனம், எது மனுஷனைத் தடுத்தாலும் அது மானுக்கு வேலிதான்.

அடுத்து, மான் நடந்தே ஆகவேண்டிய இடங்கள்:

* மலை முகட்டின் தாழ்வுகள்: இரண்டு உச்சிகளுக்கு நடுவே குதிரைச் சேணம் மாதிரி இறங்கும் இடம். நம்ம ஊர்க் கணவாயின் மினி வடிவம். மலையைக் கடக்க மான் சுலப வழியைத்தான் தேடும்.
* மரம் வெட்டிய பகுதிகளின் ஓரம்: சில வருஷங்களுக்கு முன் வெட்டப்பட்ட இடத்தில் இளந்தளிரும் அடர்ந்த புதரும் சேர்ந்தே கிடைக்கும். சாப்பாடு, ஒளிவிடம் ரெண்டும் ஒரே இடத்தில்.
* ஓக் மரங்கள்: இலையுதிர் காலத்தில் கொட்டும் ஓக் கொட்டைதான் மானின் பிரியாணி. அதிலும் வெள்ளை ஓக் கொட்டையில் துவர்ப்பு குறைவு. அதுக்குத்தான் முதல் பந்தி.
* ஓடை கடக்கும் துறைகள்: கரை தாழ்ந்த இடத்தில் குளம்புத் தடம் குவிந்து கிடக்கும்.

தரையில் எழுதிய கடிதங்கள்

ஆண் மான் தான் வந்துபோன அடையாளத்தை விட்டுட்டுப் போகும். கொம்பை மரத்தில் உரசும்போது பட்டை உரிந்து வெள்ளைத் தழும்பு தெரியும். இதுக்குப் பேர் 'ரப்'. தடிமனான மரத்தில் உரசல் இருந்தால் பெரிய மானாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இன்னொன்று 'ஸ்க்ரேப்'. குளம்பால் இலைகளை விலக்கி மண்ணைப் பறித்து, அதில் சிறுநீர் கழிக்கும். மேலே தொங்கும் ஒரு கிளையை நக்கி, நெற்றியைத் தேய்த்து வாசனை பூசும். பல மான்கள் இங்கே வந்து 'ஸ்டேட்டஸ் அப்டேட்' பண்ணிட்டுப் போகும். காட்டின் வாட்ஸ்அப் குரூப்னே சொல்லலாம். வருஷா வருஷம் ஒரே கிளையின் கீழ் திறக்கும் ஸ்க்ரேப் கிடைச்சா, கேமராவுக்கு அதைவிட நல்ல இடம் அமையாது.

மாட்டுவதில் இருக்கு சூட்சுமம்

லென்ஸை வடக்குப் பார்த்து வைங்க. கிழக்கு, மேற்குப் பார்த்தால் காலையும் மாலையும் வெயில் நேரா அடிச்சு படம் வெளுத்துடும். பாதைக்குச் செங்குத்தாக வைக்காமல் 45 டிகிரி சாய்வாக வைத்தால், வேகமாகக் கடக்கும் மானும் முழுசா பதிவாகும்.

திருட்டுப் பயம் உள்ள இடத்தில் எட்டு, பத்தடி உயரத்தில் மாட்டி, கீழ்நோக்கிச் சாய்ப்பாங்க. மனுஷன் பொதுவா தலையைத் தூக்கிப் பார்ப்பதில்லை. மானின் கண்ணுக்கும் நேராகப் படாது. முன்னால் ஆடும் புல், கிளை இருந்தால் வெறும் இலைப் படமே ஆயிரக்கணக்கில் வரும். கையால் ஒதுக்கிடுங்க. மரத்தை வெட்டக் கூடாது, ஆணி அடிக்கக் கூடாது, அது பொதுச்சொத்து. குளிர்காலத்துக்கு லித்தியம் பேட்டரி பெஸ்ட். சாதா பேட்டரி உறைபனியில் சீக்கிரம் படுத்துடும்.

மாட்டினபிறகு வருவதுதான் கஷ்டமான பகுதி: அந்தப் பக்கமே போகாமல் இருப்பது! ஆசைப்பட்டு வாரா வாரம் கார்டு மாத்தப் போனால், நம்ம வாசனையே மானுக்கு நோட்டீஸ் ஒட்டின மாதிரி ஆகிடும். போகத்தான் வேணும்னா மதிய நேரத்தில், ரப்பர் பூட்ஸ் போட்டு, மழைக்குக் கொஞ்சம் முன்னால் போவது நல்லது. மழை வாசனையைக் கழுவிவிடும்.

படத்தைப் பார்க்காதீங்க, படிங்க!

கொம்பைப் பார்த்து வாய்பிளப்பதோட நிறைய பேர் நிறுத்திடுவாங்க. படத்தின் மூலையில் இருக்கும் நேரம், தேதி, வெப்பநிலைதான் உண்மையான தகவல்.

ஒரு மான் இரவு ஒரு மணிக்கு மட்டுமே வருதா? அது படுக்கும் இடத்திலிருந்து கேமரா தூரமா இருக்கலாம். இருட்டும் நேரத்துக்குச் சற்றுமுன் வருதா? படுக்கை பக்கத்தில்தான். எந்தத் திசையிலிருந்து வருது, எங்கே போகுது என்று பார்த்து, அடுத்த கேமராவைப் படுக்கை இருக்கும் பக்கமாக நகர்த்துவாங்க. அன்னைக்குக் காற்று எந்தப் பக்கம் வீசியது என்பதையும் சேர்த்துக் குறித்தால் ஒரு பழக்கம் பிடிபடும்.

மாதமும் முக்கியம். கோடையில் ஆண் மான்கள் கூட்டமாகத் திரியும். கொம்பின் மேல் வெல்வெட் போன்ற தோல் மூடியிருக்கும். ஆகஸ்ட் கடைசி, செப்டம்பரில் அந்தத் தோல் உரிந்ததும் கூட்டம் கலைந்து, பல மான்கள் இடம் மாறிடும். ஆகஸ்ட்டில் பார்த்த மானை அக்டோபரில் அதே இடத்தில் தேடினால் ஏமாற்றம்தான். வட மாநிலங்களில் நவம்பர் இணைசேரும் காலம். பெண் மானைத் தேடி ஆண் மான் பகலிலும் சுற்றும். எச்சரிக்கையைக் கோட்டைவிடும் ஒரே சமயம் அதுதான்.

வயசை எப்படிக் கணிப்பது? கொம்பை மறைத்துவிட்டு உடம்பைப் பாருங்க. ஒன்றரை வயசு மான், பெண் மானுக்குக் கொம்பு வைத்த மாதிரி ஒல்லியாக, நீண்ட காலோட இருக்கும். மூன்றரையில் பந்தயக் குதிரை போல மார்பு விரியும், இடுப்பு ஒட்டியிருக்கும். நாலரை தாண்டினால் வயிறும் மார்பும் ஒரே மட்டத்துக்கு வரும், கழுத்து பருத்து, கால்கள் குட்டையாகத் தெரியும். நல்ல தீனியும் மரபும் இருந்தால் சின்ன வயசிலும் பெரிய கொம்பு வரும். அதனால்தான் கொம்பை மட்டும் நம்பக் கூடாது.

ஆனா, இது நியாயமா?

இந்தக் கேள்வியைக் கேட்பதே வேட்டைக்காரர்கள்தான். மான் தப்பிக்க நியாயமான வாய்ப்பு இருக்கணும் என்பது அவங்க பேசும் தர்மம். வீட்டு சோபாவில் உட்கார்ந்திருக்கும்போது போன் அதிர்ந்து, 'மான் இப்போ இங்கே நிக்குது' என்று காட்டினால், அந்த வாய்ப்பு எங்கே?

வறண்ட அரிசோனாவில் ஒரே தண்ணீர்க் குட்டையைச் சுற்றி ஏகப்பட்ட கேமராக்கள், அதைப் பார்க்க வரும் ஆட்கள், விலங்குகளுக்குத் தொல்லை என்று பிரச்னை முற்றியது. வேட்டைக்காக டிரெயில் கேமரா பயன்படுத்துவதையே 2022 ஜனவரியிலிருந்து அந்த மாநிலம் தடை செய்தது. நெவாடா, வேட்டை சீசன் மாதங்களில் பொது நிலத்தில் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. 1887-ல் தொடங்கிய பூன் அண்ட் க்ராக்கெட் கிளப், உடனுக்குடன் வரும் படத்தை வைத்து வீழ்த்திய விலங்கைத் தன் சாதனைப் பதிவில் ஏற்பதில்லை. மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். அங்கே இருக்கும் நண்பர்கள் கேமரா மாட்டும் முன்னாடி அந்த வருஷத்து விதிப் புத்தகத்தைப் படிச்சிடுங்க.

துப்பாக்கியை வைத்துவிட்டு கேமராவை எடுத்தவர்

இந்தக் கருவியின் கதையே ஒரு வேட்டைக்காரரிடமிருந்துதான் தொடங்குது. ஜார்ஜ் ஷைரஸ் என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் மிச்சிகன் காடுகளில் கம்பி கட்டி, விலங்கு அதை இடறினால் ஃபிளாஷ் வெடித்துப் படம் விழும்படி செய்தார். 1906 ஜூலை நேஷனல் ஜியோகிராஃபிக் இதழ் அவருடைய 74 படங்களை வெளியிட்டது. அதில் இருட்டில் திகைத்து நிற்கும் வெள்ளைவால் மான்களும் உண்டு. துப்பாக்கியைவிடக் கேமராதான் சவால் என்ற பக்கம் அவர் வந்து சேர்ந்திருந்தார்.

அதே யோசனைதான் இன்னைக்கு நம்ம ஊரில் புலியை எண்ணுது. 2018 புலிக் கணக்கெடுப்பில் இந்தியா முழுக்க 26,838 இடங்களில் கேமரா வைத்து, கிட்டத்தட்ட மூன்றரைக் கோடி படங்கள் எடுத்தார்கள். அது கின்னஸ் சாதனை! முதுமலையிலும் ஆனைமலையிலும் கேமராவில் விழும் புள்ளிமானும் கடமானும் அந்தக் கணக்கின் ஓரத்தில் வந்துபோகும் கதாபாத்திரங்கள். ஆர்வமா இருக்குனு நீங்களா போய்க் காட்டுக்குள் கேமரா மாட்டிடாதீங்க; வனத்துறை அனுமதி இல்லாம உள்ளே நுழைவதே தப்பு. கணக்கெடுப்பு சமயத்தில் தன்னார்வலர்களைக் கூப்பிடும்போது பேர் கொடுங்க. குளம்புத் தடத்தையும் உரசிய மரத்தையும் படிக்க அங்கேயே கத்துக்கலாம்.