இரண்டு மணி நேரக் கேசட்

எங்கள் ஊரில் வீடியோ கேசட் இயந்திரத்துக்கு ‘டெக்’ என்றுதான் பெயர். கலர் டிவியோடு சேர்த்து வாடகைக்கு எடுத்துவந்து, பாய் விரித்து, விடிய விடிய மூன்று படம் பார்த்த தலைமுறைக்கு அதன் வாய்க்குள் போன கறுப்புக் கேசட் நினைவிருக்கும். வி.எச்.எஸ். அதன் பிறந்த வீடு ஜப்பானின் யோகோஹாமா, ஜே.வி.சி. ஆலை.

அங்கே வீடியோ பிரிவு நஷ்டத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நிர்வாகம் செலவைச் சுருக்கச் சொன்னது. பிரிவின் தலைவர் ஷிசுவோ தகானோவும் பொறியாளர் யூமா ஷிராய்ஷியும் சிறு குழுவை வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் வேலையைத் தொடர்ந்தார்கள். இயந்திரத்தில் கை வைக்கும் முன்பே, 1971-இல், ஒரு பட்டியல் போட்டிருந்தார்கள். சாதாரண டிவியோடு இணைய வேண்டும். ஒரு வீட்டில் பதிந்தது இன்னொரு வீட்டில் ஓட வேண்டும். விலை கட்டுப்படியாக வேண்டும். இரண்டு மணி நேரமாவது பதிய வேண்டும்.

இதற்குள் சோனி முந்திக்கொண்டது. 1975 மே மாதம் பீட்டாமேக்ஸ் கடைக்கு வந்தது. நாடாவின் அகலம் பீட்டாமேக்ஸ், வி.எச்.எஸ். இரண்டிலும் அரை அங்குலம்தான். சோனியின் கேசட் கைக்கு அடக்கம். நாடா வேகமாக ஓடியதால் படமும் கொஞ்சம் துல்லியம். ஆனால் ஓடுவது ஒரு மணி நேரம். சினிமாவைப் பதிகிறவர் பாதியில் எழுந்து கேசட் மாற்ற வேண்டும். 1976 அக்டோபரில் வந்த வி.எச்.எஸ். கேசட் சற்றுப் பெரிது, இரண்டு மணி நேரம் ஓடியது.

நல்லது தோற்றது, மட்டமானது ஜெயித்தது என்று இந்தக் கதையை இன்றும் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. சோனியும் சீக்கிரமே இரண்டு மணி நேரத்துக்கு இறங்கிவந்தது. அதற்காக நாடாவின் வேகத்தைப் பாதியாக்கியது. பீற்றிக்கொண்ட துல்லியத்தில் பெரும்பகுதி அங்கேயே கரைந்துவிட்டது.

அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. இன்னும் அதிகம் கேட்டது. அந்நாட்டுக் கால்பந்து ஆட்டம் மூன்று மணி நேரத்துக்கு மேல் இழுக்கும். நான்கு மணி நேரம் வேண்டும் என்றது. படம் கெடும் என்று ஜே.வி.சி. தயங்கியது. தாய் நிறுவனமான மட்சுஷிடா செய்து கொடுத்தது. 1977-இல் ஆர்.சி.ஏ. அதைத் தன் பெயரில் விற்றது.

வடிவமைப்பையும் ஜே.வி.சி. பூட்டிவைக்கவில்லை. ஹிட்டாச்சி, ஷார்ப், மிட்சுபிஷி எல்லோருக்கும் கொடுத்தது. செய்பவர்கள் பெருக, விலை இறங்கியது, வீடுகளிலும் வி.எச்.எஸ். பெருகியது. வாடகைக் கடைக்காரரிடம் இடமும் முதலும் கொஞ்சம்தான். ஒரே படத்தை இரண்டு விதமாக வாங்கி அடுக்க அவருக்கென்ன தலையெழுத்தா? இன்னொரு போட்டியாளரான பிலிப்ஸின் வீடியோ 2000 கேசட்டைத் திருப்பிப் போட்டு இரண்டு பக்கமும் ஓட்டலாம். பாவம், அது வந்ததே 1979-இல். அலமாரியில் அதற்கு இடமில்லை.

1988-இல் சோனியே வி.எச்.எஸ். இயந்திரம் செய்ய இறங்கியது. பீட்டாமேக்ஸ் கேசட்டை மட்டும் விடாமல் 2016 மார்ச் வரை விற்றது. அதே ஆண்டு ஜூலையில் ஃபுனாய் நிறுவனம் வி.எச்.எஸ். இயந்திரத் தயாரிப்பை நிறுத்தியது. அதுதான் கடைசி ஆலை.