வத்தேகமப் பகுதியின் புவிச்சரித மரபுரிமை

வத்தேகம, இலங்கையின் கண்டி மாவட்டத்தில், கண்டி–மாத்தளை ரயில் பாதையில் அமைந்த மலைநாட்டு நகரம். கிழக்கே நக்கிள்ஸ் எனப்படும் தும்பறை மலைத்தொடர் எழுகிறது. தெற்கே மகாவலி கங்கை ஓடும் தும்பறைப் பள்ளத்தாக்கு விரிகிறது. முகடு, பள்ளம், செங்குத்துச் சரிவு, அருவி எல்லாம் ஒரு பகல் பயணத் தொலைவுக்குள் கிடைப்பதால், புவிச்சரிதச் சுற்றுலாவைத் திட்டமிடுவோர் முதலில் ஆராய வேண்டிய பகுதிகளில் இது ஒன்று.

இங்குள்ள பாறைகள் உயர்நிலத் தொகுதியைச் சேர்ந்தவை. ஏறத்தாழ 55 முதல் 61 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்டுவானாப் பெருநிலம் ஒன்றுகூடிய காலத்தில், பழைய படிவுகள் ஆழப் புதைந்து கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறின. மணல் குவார்ட்சைட்டாகவும், களிமண் கார்னெட் பதிந்த நைஸ் பாறையாகவும், சுண்ணக்கல் சலவைக்கல்லாகவும் மாறின. இவற்றோடு சார்னோக்கைட்டும் உண்டு. சென்னைக்கு அருகே பரங்கிமலையில் இந்தியா தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாகப் பேணுவதும் அதே வகைப் பாறைதான். குவார்ட்சைட்டு எளிதில் தேயாது, ஆகவே முகடாக நிற்கிறது. சலவைக்கல் மழைநீரில் கரைந்து பள்ளமாகிறது. இந்த வேறுபாட்டை விளங்கிக்கொண்டவருக்கு இப்பகுதியின் நில அமைப்பில் பாதி புரிந்துவிடும்.

திகனைப் பக்கத்துக் கற்குழிகளில் சலவைக்கல்லைக் கிட்ட நின்று பார்க்கலாம். சீனிக்கட்டி போன்ற வெள்ளை மணிகளுக்கு நடுவே பொன்னிற மைக்காச் செதில்கள் மின்னும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு துளி விட்டால் கல்சைட்டு உடனே பொங்கும். டொலமைட்டோ, தூளாக்கினால்தான் நன்றாக நுரைக்கும். பள்ளிப் பிள்ளைகள் ஆசிரியர் துணையுடன் செய்து பார்க்கத்தக்க சோதனை இது.

இக்கற்களைப் பற்றிய ஆய்வுக்கு நெடிய வரலாறு உண்டு. கலை வரலாற்றாசிரியராகவே பலர் அறிந்த ஆனந்த குமாரசுவாமி, இலங்கையின் படிகச் சுண்ணக்கற்கள் குறித்து 1902இல் லண்டன் புவியியற் கழக இதழில் எழுதியவர். 1903இல் தொடங்கிய இலங்கைக் கனிம அளவைப் பணியின் முதல் பணிப்பாளரும் அவரே. 1929இல் எஃப். டி. ஆடம்ஸ், தீவின் நிலம் மூன்று படிகளாக உயர்வதை விளக்கினார். கண்டிச் சுற்றுப்புறம் நடுப்படியில் அடங்கும்.

புவிச்சரிதத் தலங்களின் மதிப்பீட்டுக்குப் பரவலாகப் பயன்படுவது, போர்த்துகீசிய அறிஞர் ஜோசே பிரில்யா 2016இல் வெளியிட்ட முறை. அறிவியல் மதிப்பு, கல்விப் பயன், சுற்றுலாப் பயன், சிதைவு அபாயம் ஆகியவற்றுக்கு அது தனித்தனியே புள்ளியிடுகிறது. வத்தேகமவில் இந்தப் பிரிப்பு மிகவும் தேவை. எல்கடுவைக்கு அருகிலுள்ள ஹுன்னஸ் அருவியும் பன்விலைப் பக்கத்து ஹுலுகங்கை அருவியும் சாலை வசதி, காட்சி அழகு இரண்டிலும் இலகுவாகப் புள்ளி பெறும். பாறையின் கதையைத் தெளிவாகச் சொல்பவையோ கற்குழிச் சுவர்களும் சாலை வெட்டுமுகங்களும். அவற்றுக்கு அழகு குறைவு, ஆயுளும் குறைவு. அருவிகளை மட்டும் பட்டியலிட்டு முடிக்கும் மதிப்பீடு இப்பகுதிக்கு நியாயம் செய்யாது.

பாதுகாப்பும் கணக்கில் வரவேண்டும். 2020 ஆகஸ்ட் முதல் திகனைச் சுற்றுப்புறத்தில் சிறு நில அதிர்வுகள் உணரப்பட்டன. 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயலின்போது கண்டி மாவட்டத்தில் மண்சரிவுகள் பெருஞ்சேதம் விளைவித்தன. பயணிகளை எந்தச் சரிவுக்கு, எந்தப் பருவத்தில் அழைத்துச் செல்வது என்பதைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய வரைபடங்களைப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும்.

சட்டப் பாதுகாப்பு ஒருபக்கமாகவே இருக்கிறது. நக்கிள்ஸ் வனம் 2010இல் மத்திய மலைநாட்டின் பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது; ஆனால் அதற்கு அடிப்படையானவை உயிரினச் சூழலையும் உயிர்ப்பல்வகைமையையும் சார்ந்த 9, 10ஆம் அளவுகோல்கள். புவிச்சரிதச் சிறப்புக்கான 8ஆம் அளவுகோல் அதில் இல்லை. வன எல்லைக்கு வெளியேயுள்ள சலவைக்கல், புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் அனுமதியோடு அகழப்படும் மூலப்பொருள். சுண்ணாம்புக்கும் டொலமைட்டுக்கும் தேவை இருக்கும்வரை அகழ்வு நிற்காது. அகழ்வு ஓய்ந்த குழிகளில் ஓரிரு வெட்டுமுகங்களையாவது மூடாமல் ஒதுக்கிவைக்கலாம்; அதற்கு அனுமதிப் பத்திரத்தில் ஒரு நிபந்தனை சேர்த்தாலே போதும்.

யுனெஸ்கோவின் உலகப் புவிப்பூங்கா நெறிகள் உள்ளூர் மக்களின் பங்கேற்பைக் கட்டாயமாக்குகின்றன. இங்கே அந்த மக்கள் என்றால் சிங்களக் கிராமத்தவரும், பன்விலை, மடுல்கலை, எல்கடுவைத் தோட்டங்களின் லயன்களில் தலைமுறைகளாக வாழும் தமிழரும். மலைச்சரிவின் ஒற்றையடிப் பாதைகளையும் ஊற்றுகளையும் நாளும் புழங்கி அறிந்தவர்கள் இவர்கள். வழிகாட்டிப் பயிற்சியும் விளக்கப் பலகைகளும் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் அமைவது இங்கு வகுக்கப்படும் எந்தப் புவிச்சரிதச் சுற்றுலாத் திட்டத்திலும் முதற்செலவுகளில் ஒன்றாக இருக்க வேண்டும்.