நற்செய்திப் பற்றும் அத்தியட்ச ஒழுங்கும்

கொள்ளிடத்திற்கு வடபால் உள்ள பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகள் பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைச் சார்ந்தவை. பெரம்பலூர் 1995இலும், அரியலூர் இறுதியாக 2007இலும் தனி மாவட்டங்களாயின. அரியலூரைச் சார்ந்த ஏலாக்குறிச்சியே வீரமாமுனிவர் கலம்பகம் பாடிப் போற்றிய திருக்காவலூர் ஆகும். தரங்கம்பாடிச் சபையாரை மறுக்க எழுந்த அவருடைய உரைநடை நூல்களுள் ஒன்று 'லூத்தேரினத்தியல்பு' எனப் பெயர் பெற்றது. இப்பெயர் எதிர்த்தரப்பார் அனைவரையும் ஓரினமாகக் காட்டுகின்றது. ஆயின், அவ்வோரினத்துள்ளேயே ஒரு முரண் அடங்கிக் கிடந்தது. அதனை ஈண்டு ஆராய்வோம்.

1706இல் தரங்கம்பாடிக்கு வந்த செருமானியர் லூத்தரன் நெறியினர். அவர்களுக்குப் பொருளும் அச்சுப்பொறியும் அளித்துதவியதோ இங்கிலாந்துத் திருச்சபையைச் சார்ந்த கிறித்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம். திருச்சிராப்பள்ளியிலும், 1778 முதல் தஞ்சையிலும் பணியாற்றிய சுவார்ட்சு ஐயரும் அச்சங்கத்தின் ஆதரவு பெற்றவரே. அவர் ஆங்கிலிக்க அத்தியட்சரால் குருப்பட்டம் பெற்றவரல்லர். 1662ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்கிலாந்தில் ஒரு பங்கின் குருவாக அவர் அமர்ந்திருத்தல் இயலாது. எனினும், தஞ்சையில் அவர்தம் பணியை ஆங்கிலிக்கர் தம் பணியாகவே கொண்டனர். 1790இல் சத்தியநாதன் லூத்தரன் முறைப்படியே குருப்பட்டம் பெற்றார். அத்தியட்சர் இந்நாட்டில் இல்லாத காலத்தில் இம்முரண் வெளிப்படவில்லை என்பது நோக்கற்பாலது.

1814இல் கல்கத்தாவிற்கு அத்தியட்சர் நியமனம் பெற்றபின் நிலை மாறிற்று. அதற்கு முன்னரே, 1799இல், இங்கிலாந்துத் திருச்சபைக்குள் நற்செய்திப் பற்று மிக்கோர் திருச்சபைத் தொண்டர் சங்கத்தை நிறுவியிருந்தனர். மறைநூலின் முதன்மை, மனமாற்றம், விசுவாசத்தால் மீட்பு ஆகியவற்றை வலியுறுத்திய அவர்கள், அத்தியட்சர் ஆட்சியையும் பொது வழிபாட்டு நூலையும் விட்டிலர்.

இச்சங்கத்தின் சார்பில் 1820இல் திருநெல்வேலிக்குச் சென்றவர் இரேனியசு ஐயர். தமிழ் இலக்கணமும் பூமி சாஸ்திரமும் எழுதிய இவரும் லூத்தரன் குருப்பட்டம் பெற்றவரே. சபைகள் பெருகவே, உபதேசியார்களைக் குருமார்களாக்க வேண்டிய தேவை எழுந்தது. அத்தியட்சரே பட்டமளித்தல் வேண்டும் என்றது சங்கம். தாம் பெற்ற முறையிலேயே அவர்களும் பெறுதல் தகும் என்றார் இரேனியசு. இங்கிலாந்துத் திருச்சபையின் ஒழுங்குகளைக் குறைகூறி அவர் எழுதியதும் பிணக்கை முற்றுவித்தது. 1835இல் சங்கம் அவரை விலக்கிற்று. அவர் ஆர்க்காட்டிற்குச் சென்று மீளவே, திருநெல்வேலிச் சபைகள் இருகூறாயின. 1838இல் அவர் மறைந்தபின் அவர்தம் துணைவர் சங்கத்தோடு மீண்டும் இணைந்தனர்.

இதனை நற்செய்திப் பற்றுக்கும் ஆங்கிலிக்க நெறிக்கும் நேர்ந்த போர் எனச் சிலர் கருதக்கூடும். அது பொருந்தாது. அதே 1835இல் சென்னையின் முதல் அத்தியட்சராக வந்த கோரி அவர்களும் நற்செய்திப் பற்றாளரே. எனவே, ஒருவர் இரண்டுமாக இருத்தல் கூடும். அத்தியட்சரிடம் பட்டம் பெறாத குருவின் பணியைச் செல்லுபடியாக ஏற்பதா என்பதே உண்மைச் சிக்கல். சிற்றூர் மக்களுக்கு இது வெறும் கருத்துப்போர் அன்று. தம் ஊர் உபதேசியார் திருவிருந்து வழங்கலாமா என்பது இதனைப் பொறுத்தே அமைந்தது.

இவ்வினாவுக்குத் தென்னிந்தியாவில் விடை 1947இல் கிடைத்தது. அவ்வாண்டு செப்டம்பர் 27ஆம் நாள் சென்னையில் தோன்றிய தென்னிந்தியத் திருச்சபை, அத்தியட்சர் முறையை ஏற்றுக்கொண்டது. ஆயினும், இணைந்த சபைகளின் குருமார் எவருக்கும் மறுபட்டம் வேண்டும் என்று விதிக்கவில்லை. இரேனியசு வேண்டிய மதிப்பும் சங்கம் வேண்டிய ஒழுங்கும் ஒருங்கே இடம்பெற்றன. இச்சிக்கலுக்குத் தோற்றுவாயாக அமைந்த தரங்கம்பாடி மரபினராகிய தமிழ் லூத்தரன் சபையார் அவ்விணைப்பில் சேரவில்லை. வீரமாமுனிவர் ஓரினமெனக் கண்டவர், இருநூறாண்டு கழிந்த பின்னும் ஓரினமாகவில்லை என்பதே வரலாறு காட்டும் முடிபாகும்.